முதலில் வழங்கி, கடைசியில் செயலி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"போனில் எந்த ஆப்பைப் போட்டால் நல்லது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ட்விட்டர் எக்ஸ் ஆகிவிட்டது. ஃபேஸ்புக்கைத் திறந்தால் நண்பர்கள் எழுதியதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாஸ்டடான், ப்ளூஸ்கை, நாஸ்டர் என்று புதிது புதிதாகப் பெயர்கள் காதில் விழுகின்றன. இதில் எதை இறக்குவது, எப்படி நுழைவது என்று சொல்லுங்கள் என்றார்கள். சொல்கிறேன். ஆனால் இந்த ஊடகங்களைப் பொறுத்தவரை செயலி என்பது கடைசியில் முடிவு செய்யவேண்டிய விஷயம். நம் கணக்கு யாருடைய கணினியில் இருக்கப் போகிறது, அவர் நாளைக்கே கடையைக் கட்டினால் நாம் எதை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும் என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கடையைக் கட்டுவது நாம் பார்க்காததா? ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. இந்திய மொழிகளுக்கென்றே வந்து தமிழிலும் இயங்கிய கூ, 2024 ஜூலையில் கதவைச் சாத்தியது. மூன்றிலும் நிறுவனம் முடிவெடுத்தது, பயனர் அறிவிப்பைப் படித்துக்கொண்டார். அவ்வளவுதான் நமக்கு இருந்த பங்கு.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்றும் நம்மிடம் இருந்தது. 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஒருவர் பிளாக்கரில் எழுதினார், இன்னொருவர் வேர்ட்பிரஸ்ஸில் எழுதினார், கொஞ்சம் விவரம் தெரிந்தவர் சொந்தமாக டொமைன் வாங்கி எழுதினார். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி இத்தனை பேருடைய பதிவுகளின் ஓடைகளையும் வாங்கி ஒரே பக்கத்தில் காட்டியது. அதைத் திறந்தால் போதும். யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எந்த இடுகையின் பின்னூட்டத்தில் சண்டை சூடுபிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். திரட்டியோடு ஒத்துப்போகாமல் விலகிப் போனாலும் ஒருவருடைய பதிவு அழியாது. வாசகர்கள் நேராக அவர் பக்கத்துக்குப் போய்ப் படிப்பார்கள். திரட்டிகளின் காலம் முடிந்துவிட்டது. அந்தக் காலத்து வலைப்பதிவுகள் பல இன்றும் திறக்கின்றன. பிளாக்கரும் கூகுளின் சொத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், அதுவும் ஒருநாள் போகக்கூடும். ஆனாலும் எழுதும் இடம் ஒருவரிடம், படிக்கும் இடம் இன்னொருவரிடம் என்று பிரிந்து கிடந்ததால் ஒன்று விழுந்தபோது மற்றது நின்றது. பரவலாக்கப்பட்ட சமூக ஊடகம் என்று இன்றைக்குப் பெரிய பெயரில் பேசப்படுவதன் உள்ளே இருப்பது இந்தப் பிரிவினைதான்.

இப்போது மாஸ்டடானை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியைச் சேர்ந்த ஒய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஒரு நிறுவனம் நடத்தும் ஒற்றைத் தளம் அல்ல; யார் வேண்டுமானாலும் தங்கள் வழங்கியில், அதாவது சர்வரில், நிறுவி நடத்தலாம். அப்படி நடத்தப்படும் வழங்கிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சில வழங்கிகளில் லட்சக்கணக்கில் ஆட்கள், சிலவற்றில் நடத்துகிறவர் ஒருவர் மட்டும். இவை எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரமாக ஏற்றது. மின்னஞ்சலும் இப்படித்தான் இயங்குகிறது: ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ வைத்திருப்பவருக்கு எழுதுகிறார், இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கத் தேவையில்லை. மாஸ்டடான் முகவரியும் அதே அச்சுதான். முதலில் உங்கள் பெயர், பிறகு வழங்கியின் பெயர். படங்களுக்கான பிக்செல்ஃபெட், காணொளிக்கான பியர்டியூப், விவாதங்களுக்கான லெம்மி எல்லாம் இதே நெறிமுறையில் இயங்குபவை. மெட்டாவின் த்ரெட்ஸ்கூட 2024 மார்ச் முதல் இந்தப் பக்கம் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் கணக்கு வைத்திருப்பவர் தாமே விரும்பி இயக்கினால்தான் அந்தச் சன்னல் திறக்கும்.

இந்தியாவில் பலரும் மாஸ்டடான் என்ற பெயரை முதலில் கேட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அவர் வைத்திருந்த படம் 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்டது. கூட்டமே கைநீட்டி நாஜி வணக்கம் செலுத்த, ஒரே ஒரு மனிதர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளை எதிர்த்து நின்றவரின் படத்தை வெறுப்புப் பிரசாரம் என்று முத்திரை குத்தினார்கள். கோபம் கிளம்பியது. பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் பெரும்பாலோர் ட்விட்டருக்கே திரும்பிவிட்டார்கள்.

ஏன் திரும்பினார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். வந்தவர்களில் மிகப் பலர் ஒரே வழங்கியில், மாஸ்டடான் டாட் சோஷியல் என்ற மூத்த வழங்கியில், போய் ஏறினார்கள். அங்கே யார் நடத்துகிறார்கள், விதிகள் என்ன என்று பார்க்கவில்லை. முகப்பு ஓடை வெறுமையாக இருந்தது. ட்விட்டர்போல எதையாவது தள்ளிவிட அங்கே கணிமுறை இல்லை. யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்கள் எழுதியதுதான் வரும், யாரையும் பின்தொடராவிட்டால் ஒன்றும் வராது. "காலியாக் கிடக்குப்பா" என்று வெளியேறினார்கள். எலான் மஸ்க் 2022 அக்டோபர் 27ஆம் தேதி 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்த பிறகு உலகம் முழுவதும் இன்னும் பெரிய அலை கிளம்பி மாஸ்டடானை நோக்கி வந்தது. அந்த அலையிலும் பாதிக்கு மேல் வடிந்துபோனது.

வெளியேறுகிறவர்களைத் தடுக்கப் பார்த்ததும் நடந்தது. 2022 டிசம்பரில் மாஸ்டடான் இணைப்புகளைத் தன் தளத்தில் பகிரவிடாமல் ட்விட்டர் சில நாட்கள் தடுத்து வைத்தது. அடுத்த மாதம், 2023 ஜனவரியில், ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற வெளியார் செயலிகள் ஓர் இரவில் வேலை செய்யாமல் நின்றன. பல ஆண்டுகள் காசு கொடுத்துப் பயன்படுத்திய செயலி, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. ட்வீட்பாட்டைச் செய்தவர்கள் அதே மாதம் ஐவரி என்ற செயலியை வெளியிட்டார்கள், மாஸ்டடானுக்கு. அந்தச் செயலியை யாரும் ஓர் இரவில் நிறுத்த முடியாது, ஏனென்றால் நிறுத்தும் சாவி எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை.

சரி, போனைக் கையில் எடுங்கள்.

மாஸ்டடானின் அதிகாரபூர்வச் செயலி ஐபோனுக்கு 2021இலும் ஆண்ட்ராய்டுக்கு 2022இலும் வந்தது. அதை நிறுவித் திறந்தால் முதல் திரையில் மாஸ்டடான் டாட் சோஷியலில் சேருங்கள் என்று பெரிய பொத்தான் இருக்கும். வேறு வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் வழியும் அதே திரையில், கொஞ்சம் அடக்கமாக, இருக்கும். 2023 மே மாதம்தான் இப்படி மாற்றினார்கள். புதிதாக வருபவர் வழங்கிப் பட்டியலைப் பார்த்து மிரண்டு ஓடிவிடுகிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் எல்லாரும் அந்தப் பெரிய பொத்தானையே அழுத்தினால் கடைசியில் இன்னொரு ட்விட்டர்தான் மிஞ்சும். ஆகவே செயலியை அப்படியே மூடிவிட்டு, போனின் உலாவியில் வழங்கிகளைப் பாருங்கள். மாஸ்டடானின் தளத்திலேயே மொழி, வட்டாரம், துறை வாரியாக வழங்கிப் பட்டியல் இருக்கிறது.

ஒவ்வொரு வழங்கிக்கும் 'அறிமுகம்' பக்கம் ஒன்று உண்டு. கணக்குத் தொடங்காமலே அதைத் திறந்து படிக்கலாம். யார் நடத்துகிறார்கள், தொடர்புகொள்ள வழி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். விதிகளைப் படியுங்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, பெண்களைத் துரத்தித் துரத்தி எழுதுவது, இவற்றை அந்த வழங்கி எப்படி மட்டுறுத்துகிறது என்பதற்கு விதிகளில் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவருக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவில் இருக்கும் மட்டுறுத்துனருக்குத் தமிழ் வசவு புரியாது. புகார் கொடுத்தால் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடக்கூடும். தமிழோ வேறு இந்திய மொழியோ தெரிந்தவர் மட்டுறுத்தும் குழுவில் இருக்கும் வழங்கி கிடைத்தால், அது சின்னதாக இருந்தாலும் அதையே நான் எடுப்பேன்.

அதே பக்கத்தின் கீழே, நிர்வாகி வெளியிட்டிருந்தால், அந்த வழங்கி எந்தெந்த வழங்கிகளோடு உறவை முறித்துக்கொண்டது என்ற பட்டியலும் இருக்கும். நான் எந்த வழங்கியைப் பார்த்தாலும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிப்பேன். அமெரிக்காவின் தீவிர வலதுசாரித் தளமான கேப் 2019இல் மாஸ்டடான் மென்பொருளையே எடுத்துத் தன் தளத்தை நடத்தியது. கட்டற்ற மென்பொருள் என்பதால் எடுப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஏராளமான வழங்கிகள் தத்தம் வாசலில் அதைத் தடுத்துவிட்டன. யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை. அந்தத் தடைப்பட்டியல் எவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்டிருக்கிறது, காரணம் குறிப்பிட்டிருக்கிறதா என்பதைப் பார்த்தாலே நிர்வாகியின் குணம் தெரிந்துவிடும்.

வழங்கியின் ஆயுளையும் பார்க்க வேண்டும். பெரிய பெயர் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா நடத்திய மாஸ்டடான் வழங்கி 2024 டிசம்பர் 17ஆம் தேதி மூடப்பட்டது. டொமைன் பெயரின் வாலையும் கவனியுங்கள். குயர் டாட் ஏஎஃப் என்ற வழங்கி 2024 பிப்ரவரியில் காணாமல் போனது. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானுக்கு உரிய வால். அந்த டொமைனைத் தாலிபான் அரசு முடக்கிவிட்டது. விளையாட்டாக வாங்கிய வால் வினையாக முடிந்தது. நன்கொடைக் கணக்கை வெளிப்படையாகக் காட்டும் வழங்கி, ஒருவருக்கு மேற்பட்டவர் நிர்வகிக்கும் வழங்கி, சில ஆண்டுகளாவது தொடர்ந்து நடந்த வழங்கி என்றால் நம்பி இறங்கலாம்.

சில வழங்கிகளில் சேர ஒப்புதல் கேட்பார்கள். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு பெட்டி இருக்கும். "தமிழில் நூல்களைப் பற்றி எழுத" என்று ஒரு வரி எழுதினாலும் போதும், ஆனால் எழுதுங்கள். வெறுமையாக விட்டால் எரிதக் (ஸ்பேம்) கணக்கு என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள். மின்னஞ்சலை உறுதி செய்யும் மடல் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். சின்ன வழங்கிகள் அனுப்பும் மடல் அங்கேதான் போய் விழும்.

உள்ளே நுழைந்ததும் வெறும் ஓடைதான் கண்ணில் படும். 2019இல் வந்தவர்கள் திரும்பிய இடம் இதுதான். இங்கே செய்ய வேண்டியது, தமிழ், தமிழ்நூல் போன்ற சிட்டைகளை (ஹேஷ்டேக்) தேடி அந்தச் சிட்டைகளையே பின்தொடர்வது. ஆள்களைத் தெரியாவிட்டாலும் சிட்டையைப் பின்தொடரலாம், அதில் எழுதப்படுவது உங்கள் ஓடைக்கு வரும். முழுச் சொற்தேடல் எல்லா வழங்கிகளிலும் கிடையாது. இருக்கும் வழங்கிகளிலும் எழுதியவர் அனுமதித்த பதிவுதான் தேடலில் சிக்கும். அதனால் நீங்கள் எழுதும்போதும் சிட்டை போடாமல் எழுதினால் அந்நியர் யாரும் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் செயலி. இங்கே சுதந்திரம் தாராளம். ஒரே கணக்கை எத்தனை செயலியில் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு டஸ்கி இருக்கிறது. பிளே ஸ்டோரிலும் எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையிலும் கிடைக்கிறது. அதில் மேலே உள்ள தாவல்களை நாமே அமைத்துக்கொள்ளலாம். முகப்புக்குப் பக்கத்தில் தமிழ் என்ற சிட்டைக்கே ஒரு தாவல் வைத்துவிட்டால் அன்றாடம் புதிய ஆட்கள் கண்ணில் படுவார்கள். ஐபோனில் ஐவரி, ஐஸ் க்யூப்ஸ் என்று இருக்கின்றன. போனில் இடமே இல்லை, ஏற்கெனவே குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்கள் நிரம்பி வழிகின்றன என்றால் செயலியே வேண்டாம். ஃபான்பி என்ற வலைச்செயலியை உலாவியில் திறந்து, பட்டியில் 'முகப்புத் திரையில் சேர்' என்பதை அழுத்தினால் போதும். பட முன்னோட்டமும் தானாக ஓடும் அசைபடமும் டேட்டாவைத் தின்னும். அமைப்புகளில் அவற்றை நிறுத்திவிடுங்கள்.

எந்தச் செயலியில் நுழைந்தாலும் முதலில் வழங்கியின் பெயரைக் கேட்கும். பிறகு உலாவி திறந்து உங்கள் வழங்கியின் பக்கம் வரும். கடவுச்சொல்லை அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இட வேண்டும். மாஸ்டடான் செயலி என்று சொல்லிக்கொண்டு தன் பெட்டியிலேயே கடவுச்சொல்லைக் கேட்கிற எதையும் உடனே நீக்கிவிடுங்கள்.

இனி ப்ளூஸ்கை. 2019 டிசம்பரில் ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சி அறிவித்த ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, ஜே கிரேபர் தலைமையில் தனி நிறுவனமாகி, அழைப்பு இருந்தால்தான் சேரலாம் என்ற நிலை மாறி, 2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி பிரேசில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் அந்நாட்டில் எக்ஸ் முடக்கப்பட்டபோது லட்சக்கணக்கான பிரேசில்காரர்கள் ப்ளூஸ்கைக்கு மாறினார்கள். போனில் சேர்வது மிகச் சுலபம். பழைய ட்விட்டரைப் போலவே இருப்பதால் யாரும் தடுமாறுவதில்லை. தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு. எக்ஸில் 'கி' என்று எழுதினால் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணப்படும். 280 எழுத்தில் உயிர்மெய்க்கு நாம் இரட்டை வரி கட்டுகிறோம். ப்ளூஸ்கையின் 300 எழுத்துக் கணக்கில் 'கி' ஒன்றுதான். ஒரு குட்டிக் கதை அடங்கும்.

பரவலாக்கம் எவ்வளவு என்று கேட்டால், வடிவமைப்பில் நிறைய, நடப்பில் கொஞ்சம். கணக்குத் தொடங்கும்போது வழங்குநர் யார் என்று ஒரு வரி தெரியும். அதில் ப்ளூஸ்கையின் சொந்த வழங்கியே இருக்கும், அதை மாற்றலாம் என்பதையே பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கிட்டத்தட்ட எல்லாருடைய கணக்கும் அந்த ஒரு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஆனால் வெளியேறும் வழியை மாஸ்டடானைவிட நன்றாக யோசித்திருக்கிறார்கள். போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்ததே, ப்ளூஸ்கையின் நெறிமுறை அந்த வகை. வழங்கியை மாற்றினாலும் அடையாளம் மாறாது. பதிவுகளும் பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். சொந்த டொமைன் இருந்தால் அதையே பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். மாஸ்டடானில் இடம் மாறினால் பின்தொடர்பவர்கள் புதிய முகவரிக்கு வந்துவிடுவார்கள், எழுதிய பதிவுகள் பழைய இடத்திலேயே கிடக்கும். முகவரியும் மாறும். பல ஆண்டுகள் எழுதியதை விட்டுவிட்டு வருவது எழுத்தாளருக்குச் சின்ன இழப்பு அல்ல. நல்லதை இங்கே, கெட்டதை அங்கே என்று பிரிக்க முடியாதபடிதான் இரண்டும் இருக்கின்றன.

செயலி கடைசி என்று சொன்னேன் அல்லவா, ப்ளூஸ்கையில் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. 2025 ஏப்ரலில் துருக்கி அரசின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சில கணக்குகளைத் துருக்கிக்குள் தெரியாமல் செய்தது ப்ளூஸ்கை. அந்த மறைப்பு நடந்தது அதிகாரபூர்வச் செயலியில்தான். அதே வலையமைப்பைக் காட்டும் வெளியார் செயலிகள் சிலவற்றில் அந்தக் கணக்குகள் வழக்கம்போலத் தெரிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், வயதைச் சரிபார்க்கச் சொல்லும் சட்டத்தைக் காரணம் காட்டித் தன் செயலியையே ப்ளூஸ்கை நிறுத்தியபோதும் அந்தத் தடை வெளியார் செயலிகளைக் கட்டவில்லை. ஆக, ப்ளூஸ்கையில் கணக்கு வைத்திருப்பவர் போனில் இரண்டாவது செயலி ஒன்றையும் வைத்திருப்பது நல்லது. புதிய செயலி நேரடியாகக் கடவுச்சொல் கேட்டால் முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அமைப்புகளில் செயலிக் கடவுச்சொல் என்று தனியாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் ரத்து செய்துவிடலாம்.

நாஸ்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் மின்னஞ்சல் இல்லை, போன் எண் இல்லை, ஓடிபி இல்லை. ஒரு பொதுச் சாவி, ஒரு ரகசியச் சாவி. ஆண்ட்ராய்டில் அமெதிஸ்ட், ஐபோனில் டேமஸ், இரண்டிலும் ப்ரைமல் ஆகிய செயலிகளில் பயன்படுத்தலாம். ரகசியச் சாவி தொலைந்தால் மீட்டுத்தர உலகத்தில் ஆள் இல்லை. திருடு போனால் திருடியவர்தான் நீங்கள். பிட்காயின் பேச்சு அங்கே அதிகம். ஆர்வம் இருப்பவர் பார்க்கலாம், தமிழ் வாசகருக்கு நான் இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பரவலாக்கப்பட்டது என்றால் ரகசியமானது என்று ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. மாஸ்டடானின் தனிமடல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது அல்ல. உங்கள் வழங்கியின் நிர்வாகியும், மடல் பெறுகிறவரின் வழங்கி நிர்வாகியும் நினைத்தால் படிக்கலாம். 2023இல் கொலெக்டிவா என்ற வழங்கியின் நிர்வாகி ஒருவர் வீட்டில் வேறு வழக்குக்காக அமெரிக்க எஃப்பிஐ சோதனை போட்டபோது, மறையாக்கம் செய்யப்படாத தரவுத்தளப் பிரதியும் சேர்ந்து போனது. அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் மடல்களும் அதில்தான் இருந்தன. நீங்கள் அழித்த பதிவு மற்ற வழங்கிகளிலும் அழிந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தரங்கத்துக்கு சிக்னல் இருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் தெருவில் நின்று பேசுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுத் தடைகளுக்கு இது மருந்தா என்று மாணவர் ஒருவர் கூட்டம் தொடங்கும் முன்பே கேட்டார். பாதி மருந்து. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரலில் அரகலய என்ற மக்கள் போராட்டம் தொடங்கிய நாட்களிலும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றைத் தடுத்தார்கள். நாலைந்து பெயர்களைத் தடுத்தால் நாடே வாயடைத்துப் போகும் என்ற நிலை இருந்ததால் அது எளிதாக இருந்தது. ஆயிரக்கணக்கான வழங்கிகளை அப்படித் தடுப்பது கடினம். இந்தியாவில் 2023 மேயில் 14 செய்தியனுப்பும் செயலிகள் தடுக்கப்பட்டன. அதில் எலிமெண்ட் ஒன்று. அது மேட்ரிக்ஸ் என்ற பொது நெறிமுறையின் ஒரு செயலி மட்டுமே, அதே நெறிமுறைக்கு வேறு செயலிகள் இருக்கின்றன. ஆனால் 2018 மேயில் ஸ்டெர்லைட் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே துண்டித்தார்களே, அப்போது எந்த நெறிமுறையும் உதவியிருக்காது. கம்பி அறுந்தால் அறுந்ததுதான்.

என் தேர்வைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன். நாலு பேரோடு பேச வேண்டும், ஆட்கள் வேண்டும் என்பவர் ப்ளூஸ்கையில் தொடங்கட்டும்; முடிந்தால் சொந்த டொமைனோடு. நூல், மொழி, கணினித் தமிழ், அறிவியல் என்று ஒரு துறையில் நிதானமாக எழுத விரும்புகிறவர் மாஸ்டடானில் கவனமாக ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டிலும் எழுதியதன் பிரதியை அவ்வப்போது இறக்கிக்கொள்ளுங்கள். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. நாலு பக்கக் கட்டுரையை வலைப்பதிவில் எழுதி, இங்கே இணைப்பை மட்டும் கொடுப்பதுதான் இன்றைக்கும் புத்திசாலித்தனம். தமிழ் ஆட்கள் இரண்டு இடத்திலும் குறைவு என்பது உண்மை. பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போனால் பதினோராவது ஆள் தானே வருவார். தனியாகப் போனால் 2019 கதைதான். பிடித்துப்போய்த் தங்கிவிட்டால் வழங்கி நடத்துகிறவருக்கு மாதம் ஒரு சினிமா டிக்கெட் காசு அனுப்புங்கள். விளம்பரம் இல்லாமல் நடத்துகிறார், அவருக்கும் வழங்கி வாடகை வருகிறது.

நூலகத்துறை அலுவலர்களும் அமர்ந்திருக்கும் அவை என்பதால் ஒரு கோரிக்கை வைத்து முடித்துக்கொள்கிறேன். மழை என்றால் பள்ளிக்கு விடுமுறையா இல்லையா என்று பெற்றோர் தேடுவது மாவட்ட ஆட்சியரின் எக்ஸ் பக்கத்தை. 2023 நடுவிலிருந்து கணக்கு இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தால் புதிய பதிவு மேலே வராது, எப்போதோ எழுதியதெல்லாம் கலைந்து கிடக்கும். மாஸ்டடான் பக்கத்தை எந்த போன் உலாவியிலும் கணக்கு இல்லாமல், தேதி வரிசையில் படிக்கலாம். ஜெர்மனியில் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் கூட்டாட்சி அரசு நிறுவனங்களுக்காக மாஸ்டடான் வழங்கி நடத்துகிறது. நெதர்லாந்து அரசும் 2023 முதல் தன் நிறுவனங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறது. நம் தமிழ் இணையக் கல்விக்கழகம் அப்படி ஒரு வழங்கியை அரசின் சொந்த டொமைனில் நிறுவி, ஆட்சியர்கள், மின்வாரியம், நூலகங்களுக்கு அதில் கணக்குக் கொடுக்க வேண்டும். எக்ஸில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அங்கே போடும் அறிவிப்பை இங்கேயும் போடட்டும். இந்தக் கோரிக்கையை எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். உடன்படுகிறவர்கள் போகும்போது கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.